துரைராஜின் நிழல்

செம்பேடு ஏரியின் மதகுகளை நாளை மாலை திறந்தால் போதும் என்று திரை சொன்னபோது, பூங்கோதைக்கு முதலில் சந்தேகம் வந்தது துரைராஜ் மேல்தான்.

வேறு யார் மேல் வரும்? மாநகர நீர் ஆணையத்தின் ஐந்தாவது மாடியில் மழைப் பிரிவு. எவ்வளவு பெய்யும் என்று சொல்வது அவர்கள் வேலை. அதன் தலைமை பூங்கோதை. இரண்டாவது மாடியில் ஏரிப் பிரிவு. பெய்யப் போகும் மழைக்குத் தக்கபடி மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர்கள் வேலை. அதன் தலைமை துரைராஜ். இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும், ஒருவர் மாடிக்கு மற்றவர் போவது சம்பந்தி வீட்டுக்குச் சாப்பிடப் போவது மாதிரி. காரணம் இல்லாமல் போக மாட்டார்கள். போனால் பேச்சு வரும்.

கடலில் இருந்து வந்துகொண்டிருந்த மேகம் சாயங்காலத்துக்குள் இருபத்துநாலு சென்டிமீட்டர் கொட்டும். இதில் பூங்கோதைக்குச் சந்தேகமே இல்லை. இப்போதே மதகைக் கொஞ்சம் திறந்தால் தண்ணீர் கூவலாற்றில் அடக்கமாகப் போய்விடும். விட்டால் சாயங்காலம் ஏரி தளும்பும். பிறகு எல்லா மதகையும் ஒரே மூச்சில் திறப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. ஆறு நேரே காரணி நகருக்குள் நுழையும்.

காரணி நகரில் ஆற்றங்கரைத் தெருவில், தரைத்தளத்தில், அவள் தங்கை சுகந்தி குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். நடக்கத் தெரியாத வாண்டுகள்தான் அங்கே அதிகம். அப்பா அம்மா வேலை முடிந்து வந்து தூக்கிப் போக இருட்டிவிடும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பெய்த சின்ன மழைக்கே மதகு தாமதமாகத்தான் திறந்தது. காரணி நகர் தெருக்களில் முழங்கால் தண்ணீர். பழி வந்து விழுந்தது மழைப் பிரிவின் தலையில். ‘எச்சரிக்கை சரியாக வரவில்லை’ என்று ஏரிப் பிரிவில் யாரோ டிவிக்காரர்களிடம் சொல்லியிருந்தார்கள்.

இன்றைக்கும் அதே விளையாட்டா?

பூங்கோதை நாற்காலியை விட்டு எழுந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன்பு வரை இந்த அலுவலகத்தில் தகவல் என்பது பீரோ சாவி மாதிரி. இடுப்பில் செருகி வைத்திருப்பவர்தான் வீட்டை ஆள்வார். ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்பது துரைராஜ் ஒருவருக்குத்தான் தெரியும். அமைச்சர் அலுவலகம் அவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர்களிடமும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார். கேட்ட மற்றவர்களுக்கு எல்லாம் “ரீடிங் வரலைங்க” என்று ஒரே பதில். ஏரி மட்டத்தைத் தெரிந்துகொள்ள பூங்கோதை மின்ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து வந்த காலம் உண்டு. செம்பேடு பாலத்தில் ரயில் மெதுவாகும்போது, கரைக் கல்லில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்துக்கொள்வாள்.

அவளும் சளைத்தவள் இல்லை. துரைராஜ் மழை அளவு கேட்டால் முதல் போனை எடுக்க மாட்டாள். எடுத்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல மாட்டாள். கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சொல்வாள். கூட்டிச் சொன்னால்தான் ஏரிப் பிரிவு அசையும் என்பது ஐந்தாவது மாடியின் பரம்பரை நம்பிக்கை. அவளுக்கு முன்னால் இருந்தவரும் உப்புப் போட்டார்.

அப்புறம் ஆணையர் யசோதரா வந்தார். ‘சங்கமம்’ என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். மழைக் கருவிகளும் ஏரிக் கருவிகளும் நேராக அதனிடம் பேசும். எந்தப் பிரிவும் எதையும் மறைக்க முடியாது, கூட்ட முடியாது, குறைக்க முடியாது. முடிவெடுக்கும் பிரிவுகளுக்குக் கூடுதலாக ஒரு ‘நிழல்’. தலைமை அதிகாரி இத்தனை வருடம் எடுத்த முடிவுகளை எல்லாம் படித்து, அவரைப் போலவே யோசித்து, அவர் தூங்கும்போதும் முடிவெடுக்கும் இயந்திரம். மதகைத் திறப்பது இப்போது துரைராஜ் அல்ல. துரைராஜின் நிழல்.

இரண்டாவது மாடியில், மழைநீர்க் குழாய் உடைந்து, கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகும் இடத்தில் நீல பக்கெட் ஒன்று. அதன் மேல் வெள்ளை பெயிண்டில் ‘ஏ.பி.’ என்று எழுதியிருந்தது. ஏரிப் பிரிவு. இந்த அலுவலகத்தில் பக்கெட்டுக்குக்கூடப் பெயர் எழுதாவிட்டால் அடுத்த மாடிக்குப் போய்விடும்.

“என்னம்மா, மழையே மாடி எறங்கி வந்துருக்கு” என்றார் துரைராஜ். ஐம்பத்தெட்டு வயது. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருப்பார்.

“மதகு ஏன் சார் தெறக்கல?”

“என்னைக் கேட்டா? நான் இப்போ வாட்ச்மேன். முதலாளி அதோ இருக்கான்.” திரையைக் காட்டினார். “அவனைக் கேளுங்க.”

“இருபத்துநாலு வருதுன்னு அனுப்பியிருக்கோம்.”

“வந்துச்சு. யாரு இல்லேன்னது?”

அவள் எட்டிப் பார்த்தாள். வந்த அளவு இருபத்துநாலு என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. கணக்கில் எடுத்தது: பதினெட்டு.

துரைராஜ் திரையை அணைத்தார்.

“அது என்ன சார் பதினெட்டு?”

“அது எங்க செக்‌ஷன் உள்விஷயம்.”

“ஆறு சென்டிமீட்டர் எங்க போச்சு? யாரு கழிச்சது?”

“யாரும் கழிக்கல.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போன மழையப்போ நீங்க எனக்குக் குறைச்சு அனுப்பிட்டு, என்னை மாட்டிவிடப் பாத்தீங்கன்னு நான் நினைச்சேன். இப்ப நீங்க என்னைச் சொல்றீங்க. நல்லா இருக்கு.”

“ஏரியை ரொப்பியே வெச்சிருக்கச் சொல்லி யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா? ஃபேக்டரிக்காரங்க யாராவது?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார். “கதவு அந்தப் பக்கம்மா.”

மூன்றாவது மாடியில் சங்கமத்தைப் பராமரிக்கும் இன்ஜினியர் பிரணவ், குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு எந்தப் பிரிவும் சொந்தம் இல்லை. அதனால் எல்லாரும் அவனைச் சந்தேகப்பட்டார்கள்.

“துரைராஜ் சார் நிழல்ல யாரோ கை வெச்சிருக்காங்க” என்றாள் பூங்கோதை. “என் நம்பர்ல நாலுல ஒரு பங்கு காணோம்.”

“யாரும் கை வைக்கல மேடம். நானும் போன மழைக்கப்புறம் பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“யாரு கேட்டாங்க, சொல்றதுக்கு?” அவன் விரலைத் துடைத்துக்கொண்டான். “நிழல் எதை வெச்சுக் கத்துக்குது? துரைராஜ் சார் பன்னிரண்டு வருஷமா என்ன பண்ணாரோ அதை. நீங்க நாலு சென்டிமீட்டர்னு சொன்னா அவர் மூணுக்குத்தான் மதகைத் தெறப்பாரு. எட்டுன்னா ஆறுக்கு. ஒரு தடவைகூட நீங்க சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டதில்ல. நிழலுக்கு அது ஒரு விதி மாதிரி ஆயிடுச்சு. மழைப் பிரிவு சொன்னா நாலுல ஒண்ணு கழி.”

பூங்கோதை எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“எனக்கு என்ன புரியலைன்னா” என்றான் பிரணவ், “அப்படிக் கழிச்சும் எப்படி அவர் கணக்கு பன்னிரண்டு வருஷமா தப்பவே இல்லைன்னுதான். அதிர்ஷ்டமா?”

அதிர்ஷ்டம் இல்லை. மூன்று பெய்யும் என்றால் அவள் நாலு என்றாள். நாலு என்றதும் அவர் மூன்று என்று எடுத்துக்கொண்டார். இருவரும் ஒருவரை ஒருவர் துளியும் நம்பாமல், பன்னிரண்டு வருடம் ஏரியைச் சரியாகக் காத்திருக்கிறார்கள். இப்போது சங்கமம் வந்து அவள் உப்பைப் பிடுங்கிக்கொண்டது. அவருடைய கழித்தலை மட்டும் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. முதல் முறையாக உண்மை கீழே போகிறது. கீழே இருப்பது அதை வழக்கமான பொய் என்று நினைத்துக் கழிக்கிறது.

“இதை இப்பவே மாத்த முடியாதா?”

“நான் மாத்தக் கூடாது. ரெண்டு தலைமை அதிகாரியும் சேர்ந்து கைரேகை வெச்சா நிழலை ஓரம் கட்டலாம். ஆனா கை வெச்ச உடனே ரெண்டு செக்‌ஷனோட பழைய முடிவுகளும் தானா விசாரணைக்குப் போயிடும். யாரு எப்ப என்ன சொன்னாங்க, உண்மையில என்ன பெஞ்சது, எல்லாம்.” அவன் அவளைப் பார்த்தான். “உங்களுதும்தான் மேடம்.”

அவன் குரலில் இருந்தது அக்கறையா, மிரட்டலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆணையர் யசோதரா ஊரில் இல்லை. சங்கமத்துக்குக் கிடைத்த விருதை வாங்க டெல்லிக்குப் போயிருந்தார். போனில் பின்னணியில் யாரோ மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

“நிழல் தப்பா கணக்குப் போடுது மேடம். நேரம் இல்ல.”

“துரைராஜ் என்ன சொல்றார்?”

“அவர் ஒண்ணும் சொல்லல.”

“அப்ப இது உங்களுக்கும் அவருக்கும் உள்ள பழைய சண்டை. பூங்கோதை, மனுஷங்களை நம்பித்தான் இத்தனை வருஷம் கெட்டோம். சிஸ்டத்தை நம்புங்க. நான் மேடைக்குப் போகணும்.”

போனை வைத்த கையோடு மறுபடி அடித்தது. சுகந்தி.

“அக்கா, இங்க மழை பிச்சுக்கிட்டு ஊத்துது. எந்த மெசேஜும் வரலையே. பயப்பட வேண்டாம்தானே?”

மதகைத் திறக்க உத்தரவு போனால்தான் கரையோர மக்களின் போன்களுக்கு எச்சரிக்கை போகும். உத்தரவு இல்லை, எச்சரிக்கை இல்லை. அதற்கு முன்னால் ஓர் அதிகாரி தானாக யாருக்கும் சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போகும், பீதி கிளப்பியதாக வழக்கும் வரும்.

“சுகந்தி, குழந்தைங்களை மேல் மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடு. இப்பவே.”

அந்தப் பக்கம் ஏதோ குழந்தை அழுதது.

“என்னக்கா சொல்ற? தண்ணி வருதா?”

“சொன்னதைச் செய்யி.”

“அப்ப பக்கத்து வீட்டு ஆண்டாளம்மா? படுத்த படுக்கையா இருக்காங்களே. எதிர்த்த காம்பவுண்டுல பன்னெண்டு குடும்பம். அவங்ககிட்ட சொல்லவா?”

‘சொல்லாதே’ என்ற சொல் பூங்கோதையின் நாக்கு நுனி வரை வந்தது. வந்ததும் அவளுக்கே உடம்பு கூசியது. பன்னிரண்டு வருடமாகத் துரைராஜைப் பற்றி அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாளோ, அதைத்தான் இப்போது அவள் செய்யப் போனாள்.

“சொல்லு” என்றாள். “எல்லார்கிட்டயும் சொல்லு.”

“நீ சொன்னேன்னு சொன்னா நம்புவாங்களா? போன வாட்டியே உங்க ஆபீஸைத்தான் திட்டுனாங்க.”

நம்ப மாட்டார்கள். போனில் அரசாங்க மெசேஜ் வந்தால்தான் ஆண்டாளம்மாவைத் தூக்க நாலு பேர் வருவார்கள்.

இரண்டாம் முறை அவள் இரண்டாவது மாடிக்கு இறங்கியபோது, துரைராஜின் அறையில் வேறு யாரும் இல்லை; கூரைத் தண்ணீர் நேரே தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினாள்.

“நான் உப்புப் போட்டேன் சார். பன்னிரண்டு வருஷமா.”

“தெரியும்.”

“நீங்க கழிச்சீங்க.”

“உங்களுக்கும் தெரியும்.” அவர் குரல் தணிந்திருந்தது. “தெரிஞ்சுதானே இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டீங்க. நீங்க லீவுல போனா உங்க அசிஸ்டென்ட் எவ்வளவு போடுவான்னுகூட எனக்குத் தெரியும். அவன் பயந்தவன், ஜாஸ்தியா போடுவான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “ரெண்டு பேரும் கை வெப்போம் சார். நிழலை நிறுத்திடலாம்.”

அவர் தலையை அசைத்தார். “நாலு மாசத்துல ரிடையர் ஆகறேன். விசாரணைன்னு வந்தா முடியுற வரைக்கும் பென்ஷன் கிடையாது. என் மாமனார் கேஸ் பதினோரு வருஷம் ஓடுச்சு. அவர் போனப்புறம்தான் தீர்ப்பு வந்துச்சு. என்னால முடியாதும்மா.”

“காரணி நகர்ல குழந்தைங்க இருக்கு சார்.”

“எங்கயும்தான் குழந்தைங்க இருக்கு.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். பிறகு, யாரிடமோ சொல்வது போல, “உங்க மழைமானி ஒண்ணு மொட்டை மாடியில இருக்குல்ல? சங்கமம் மத்த கருவியை எல்லாம் விட அதைத்தான் நம்புதாம். தலைமை ஆபீஸ் மானியாச்சே. அதுல ஜாஸ்தியாப் பதிவானா, சாயங்காலக் கணக்கையும் சேர்த்து ஏத்திக்குமாம். பிரணவ் பையன் ஒரு நாள் சொன்னான்.”

“ஏன் இதை எங்கிட்ட சொல்றீங்க?”

“நான் என்ன சொன்னேன்? மழையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்.”

அவள் படியேறினாள். இது உதவியா, பொறியா? மானியில் கை வைத்தால் வேலை போகும். விஷயம் வெளியே வந்தால் போன மழைக்கான பழியும் முழுசாக அவள் பெயரில் எழுதப்படும். துரைராஜ் கை சுத்தமாக வீட்டுக்குப் போவார். பன்னிரண்டு வருடத்தில் அந்த மனிதர் அவளுக்கு இலவசமாக ஒரு தகவல்கூடக் கொடுத்ததில்லை. இன்றைக்கு மட்டும் ஏன்?

நாலாவது மாடியில் நின்றாள். திரும்பிவிடலாம் என்று தோன்றியது. சுகந்தியின் பின்னால் அழுத குழந்தையின் குரல் காதில் இருந்தது.

ஏறினாள்.

மொட்டை மாடிக் கதவு பூட்டப்படவில்லை. அதுவே சந்தேகத்துக்கு இடமானது. மழை சரம் சரமாக விழுந்துகொண்டிருந்தது. வேலிக்குள் மழைமானி. மூலையில் பாதுகாப்புப் பிரிவின் காமிரா, சிவப்பு விளக்கோடு, நேராக அவளைப் பார்த்தது.

மானிக்குப் பக்கத்தில் ஒரு நீல பக்கெட். நிறையத் தண்ணீர். மேலே ஒரு பிளாஸ்டிக் குவளை மிதந்துகொண்டிருந்தது. பக்கெட்டின் பெயரைப் பார்க்க அவள் குனியவில்லை. குனிந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பாள்.

கணக்கு மனதிலேயே ஓடியது. இருபத்துநாலு என்று நிழல் எடுத்துக்கொள்ள வேண்டுமானால், முப்பத்திரண்டு என்று சொல்ல வேண்டும். எத்தனை வருடப் பழக்கம். ஒரேயடியாக ஊற்றினால் இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். குவளை குவளையாக, மழை கொட்டும் வேகத்துக்கு ஒத்து, அவள் ஊற்றினாள். புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டது. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் கையாலேயே உப்புப் போட்டாள்.

கீழே வந்தபோது திரையில் மழை முப்பத்திரண்டு ஆகியிருந்தது. துரைராஜின் நிழல் அதை வாங்கி, நிதானமாக நாலில் ஒரு பங்கைக் கழித்து, இருபத்துநாலு என்று எடுத்துக்கொண்டது. மதகுகள் அசைந்தன.

சுகந்தியின் போனில் இருந்து ஒரே ஒரு வரி வந்தது: ‘மெசேஜ் வந்துடுச்சு. ஆண்டாளம்மாவை மேலே தூக்கிட்டாங்க.’

சாயங்காலம் ஏரி கரைக் கல்லின் விளிம்பு வரை வந்து நின்றது. தாண்டவில்லை. காரணி நகர் தெருக்களில் கணுக்கால் தண்ணீர். பெய்த மழை இருபத்தைந்து.

அவளை யாரும் கூப்பிடவில்லை. காமிராப் பதிவு இருந்தது. ஆனால் அது பாதுகாப்புப் பிரிவிடம் இருந்தது. சங்கமத்தில் சேராமல் இன்னும் இழுத்தடித்துக்கொண்டிருந்த ஒரே பிரிவு அதுதான். தங்கள் பதிவை அவர்கள் ஆணையருக்குக்கூடத் தருவதில்லை.

இரண்டு நாள் கழித்து லிஃப்டில் துரைராஜ் அவள் பக்கத்தில் நின்றார்.

“முப்பத்திரண்டு சொன்னீங்க. பெஞ்சது இருபத்தஞ்சு. உப்பு ஜாஸ்திம்மா.”

“உங்க பக்கெட்டைத் தேடலையா சார்?”

“எந்த பக்கெட்?” என்றார் அவர், எண் விளக்கைப் பார்த்தபடி. இரண்டாவது மாடியில் இறங்கிப் போனார்.

விருதோடு திரும்பிய ஆணையர் மகிழ்ச்சியில் இருந்தார். செம்பேடு மழையைச் சங்கமம் எவ்வளவு அழகாகச் சமாளித்தது என்று எல்லா மேடையிலும் சொன்னார். பரிசாக மழைப் பிரிவுக்கும் ஒரு நிழல் வந்தது. பூங்கோதையின் பன்னிரண்டு வருட எண்களைப் படித்த நிழல். கூடவே ஓர் ஏற்பாடு. இனிமேல் கருவிகளின் எண்கள் நேராகப் போகாது. பிரிவுகளின் நிழல்கள் பார்த்து, ‘பக்குவப்படுத்தி’ அனுப்பும்.

அடுத்த மழை சாதாரண மழை. பத்து பெய்யும் என்று பூங்கோதைக்குத் தெரியும். அவளுடைய நிழல் பதினாறு என்று அனுப்பியது. அவள் தொடவே இல்லை. துரைராஜின் நிழலும் முன்னைப் போல இல்லை. இருபத்துநாலு திடீரென்று முப்பத்திரண்டு ஆனதை அது மறந்திருக்கவில்லை. பதினாறை ஒன்பது என்று எடுத்துக்கொண்டது.

அன்றைக்குத் திரையில் ஏரி மட்டம் பாதி என்று இருந்தது. பூங்கோதை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துரைராஜ் எப்போதுமே ஏரியைக் குறைத்துத்தான் சொல்வார். அது அவருடைய பழக்கம்.

வீட்டுக்குப் போகும் மின்ரயிலில், ரொம்ப நாளைக்குப் பிறகு, இடித்துக்கொண்டு போய் ஜன்னல் ஓர இடத்தைப் பிடித்தாள். செம்பேடு பாலத்தில் ரயில் மெதுவானது. கரைக் கல்லில் இரண்டே விரல்கடைதான் மிச்சம் இருந்தது.

யாரிடம் சொல்வது என்று திரும்பினாள். எதிர் ஜன்னலில், முழுக்கைச் சட்டைப் பட்டன்களோடு, காரில் மட்டுமே வந்துபோகும் துரைராஜ் உட்கார்ந்திருந்தார். அவர் ஏரியைப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து, கம்பிகளுக்கு இடையே, மேகம் எவ்வளவு கருத்திருக்கிறது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்” என்றாள் பூங்கோதை. “இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. நான் அந்தப் பக்கம் பாக்கறேன்.”